தியானத்தில் இல்லாத ஐனோ அக்காவுக்கு

என் அன்பு ஐனோ அக்கா,

உங்கள் தங்கை ஹெலேனா வந்திருக்கிறார். எங்கள் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருக்கிறார். வந்து இன்றோடு ஐந்து நாள். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மலை பாதி நேரம் மேகத்துக்குள் இருக்கிறது. உங்களைப் போலவே அவருக்கும் நம் காபி பிடித்துவிட்டது. உங்களைப் போலவே சர்க்கரை வேண்டாம் என்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் அச்சு அசல் நீங்களேதான். அதனாலேயே அவர் முகத்தை நேராகப் பார்க்காமல் முதல் இரண்டு நாளை ஓட்டினேன்.

இந்தக் கடிதத்தை உங்களால் படிக்க முடியாது. இருந்தபோதே உங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, பஸ் நம்பரை மட்டும் படிப்பீர்கள். பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன், படிக்கப் போவது நம் ஊர்க்காரர்கள்தான். அன்று அந்த பஸ்ஸில் இருந்தவர்களும் அதில் இருக்கலாம். இருக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான் இது.

உங்களை அறியாதவர்களுக்காக நான்கு வரி சொல்லிக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் பின்லாந்துக்காரர். ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த மறு வருடம் சுற்றுலா விசாவில் திருவண்ணாமலைக்கு வந்தீர்கள். அதிலிருந்து ஆறு வருடம், தீபம் முடிந்ததும் வருவீர்கள், பங்குனி வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவீர்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வாடகை அறை. ஆனால் நீங்கள் ஆசிரமத்துக்காக வந்தவர் இல்லை. டவுன் பஸ்ஸுக்காக வந்தவர்.

மற்ற வெளிநாட்டுக்காரர்கள் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடிப்பார்கள். நீங்கள் மட்டும் டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவீர்கள். இறங்கி எதையும் பார்க்க மாட்டீர்கள். "அந்த ஊர்ல என்னாம்மா இருக்குது, ஒரு டீக்கடகூடக் கெடையாதே" என்று கேட்டுக் கேட்டு கண்டக்டர்கள் ஓய்ந்து போனார்கள்.

நாம் பழகியதே ஒரு பையால்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை முடிந்து பஸ் ஏறினேன். கூட்டம். நீங்கள் பெண்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். நிற்கிறவர் தன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைக்க நம் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸும் அரைக் கிலோ கத்திரிக்காயும் இருந்த பையை உங்கள் மடியில் வைத்தேன். நீங்கள் கையைக் கூப்பி, "தேங்க்யூ, தேங்க்யூ" என்றீர்கள். இந்த அம்மாவுக்கு மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். என் நிறுத்தத்தில் கூட்டம் என்னைத் தள்ளிக் கீழே இறக்கிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் ஓடி "என் பை, என் பை" என்று கத்துகிறேன். நீங்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்குக் கையாட்டிக்கொண்டே போகிறீர்கள்!

மறுநாள் அதே பஸ்ஸில் எனக்காகக் காத்திருந்தீர்கள். டிபன் பாக்ஸைக் கழுவி, உள்ளே உங்கள் ஊர்க் கறுப்பு ரொட்டித் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தீர்கள். கத்திரிக்காயை வதக்கிச் சாப்பிட்டுவிட்டீர்களாம். முன்பின் தெரியாத ஒரு பெண் பஸ்ஸில் பரிசு கொடுத்தாள் என்று தங்கைக்கு எழுதிக்கூட அனுப்பிவிட்டீர்களாம். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தை விளக்கினேன். உங்கள் முகம் கழுத்து வரை சிவந்தது. பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

ஏன் இந்த பஸ் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். உங்கள் ஊர் பஸ்ஸில் காலி சீட் இருக்கும்வரை யாரும் யார் பக்கத்திலும் உட்கார மாட்டார்களாம். "கணவர் போன அந்தக் குளிர்காலம் முழுக்க என்னை யாரும் தொடவில்லை, ஜரீனா. கடைக்காரியின் விரல்கூடப் படவில்லை. இங்கே பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிடத்தில் ஒருத்தி என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். இன்னொருத்தி என்னைக் கேட்காமலே என் மடியில் பிள்ளையை உட்கார வைக்கிறாள்" என்றீர்கள். அதற்காகத்தான் ஏறுவதாகச் சொன்னீர்கள். எனக்கு அப்போது அது பாதிதான் புரிந்தது. தினமும் அந்த நெரிசலில் இடுப்பு ஒடிந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு எப்படிப் புரியும்?

உங்கள் தமிழ் முழுக்க பஸ்ஸில் பொறுக்கிய தமிழ். கொஞ்சம் தள்ளிக்குங்க, உள்ள எடம் இருக்கு, எறங்கணும் எறங்கணும். அதை வைத்துக்கொண்டே எங்கள் வீட்டில் எல்லோரோடும் பேசிவிடுவீர்கள். பெருநாளன்று என் வீட்டுக்காரர் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது, "படியில நிக்காதீங்க" என்று கண்டக்டர் குரலில் அதட்டினீர்களே, அதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். 

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் யாரும் கிட்டே போக மாட்டோம். மலையைச் சுற்றும் பாதையில், டீக்கடை பெஞ்சில், எங்கே என்றாலும் சரி. ஆட்டோக்காரர்கூட ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார். பிள்ளைகள் சத்தம் போட்டால் அம்மாக்கள் வாயில் விரல் வைப்பார்கள். வந்தவர்களின் தியானத்தைக் கலைக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் ஊறிப்போன மரியாதை. மசூதித் தெருவில் வளர்ந்த எனக்கும்தான்.

ஆனால் நீங்கள் தியானம் செய்தவரே இல்லை. அதில் உங்களுக்குப் பெருமை வேறு. "கண்ணை மூடிக்கொள்வது என்றால் அதைப் பின்லாந்திலேயே செய்திருப்பேனே, விமானம் ஏறி ஏன் வர வேண்டும்?" என்பீர்கள். பஸ்ஸில் நீங்கள் கண் மூடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். இனியும் சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை.

மாசி மாதம். திங்கட்கிழமை என்றால் எங்கள் ஆபீசில் மனு வாங்கும் நாள். காலையிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பட்டா வரவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது, பக்கத்து நிலத்துக்காரன் வழியை அடைத்துவிட்டான். ஒவ்வொருவரையும் கேட்டு, பதிந்து, சமாதானம் சொல்லி அனுப்ப வேண்டும். சாயங்காலம் யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது. பஸ் வந்தது. பின்வாசலில் ஏறினேன். முன்னால் பெண்கள் சீட்டில், ஜன்னலோரம் நீங்கள். வழக்கம்போல் அந்தப் பக்கத்துக் கிராமம் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து இடத்தில் உங்கள் துணிப்பை சரிந்து கிடந்தது. தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

அக்கா, எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. நீங்கள் விழித்திருந்தால் "ஜரீனா, இங்க எடம்!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவீர்கள். வந்து உட்கார்ந்ததும் கேள்வி ஆரம்பிக்கும். அந்தச் சுவரொட்டியில் என்ன எழுதியிருக்கிறது, முன் சீட்டுப் பெண் போனில் யாரைத் திட்டுகிறாள், கண்டக்டர் ஏன் சிரித்தார். எல்லாவற்றையும் நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அன்று என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. உங்கள் கண்ணில் படாமல், கூட்டத்தில் ஒருத்தியாக, எட்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஏறியது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் உங்கள் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். பையை நகர்த்தவும் தயங்கினாள், உங்களைத் தொடவும் தயங்கினாள். கண்டக்டரைப் பார்த்தாள்.

"யாராச்சும் அந்த ஃபாரின் அம்மாவ எழுப்புங்கம்மா. பைய எடுத்தாங்கன்னா ஒருத்தர் உக்காரலாம். எங்க எறங்கணும்னு வேற தெரியல" என்றார் அந்த ரூட்டுக்குப் புதிதாக வந்திருந்த அவர்.

"வேணாங்க" என்றேன் நான். "தியானத்துல இருக்காங்க. எழுப்பாதீங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

"தெரியும். ஆசிரமம் தாண்டித்தான் எறங்குவாங்க. விட்டுடுங்க."

தெரிந்தவள் சொல்கிறாள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். பாட்டுப் போட்டிருந்த ஒருவர் போனை அணைத்தார். மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் உங்களைச் சுற்றி மட்டும் இடம் விட்டு நின்றார்கள். ஒரு தோள் படுவதற்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் நீங்கள். ஒருவரும் உங்களைத் தொடாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

என் நிறுத்தம் வந்தது. இறங்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விழித்துக்கொண்டு கூப்பிடுவீர்களோ என்று பயம்.

கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். தொட்டுப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ். மறுநாள் காலை உங்களுக்கு அறையை வாடகைக்கு விட்ட அறைக்காரர் போன் செய்த பிறகே எனக்கு விஷயம் தெரியும். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். இரண்டு நாள் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கண் திறக்காமலே போய்விட்டீர்கள். அங்கிருந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன், "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாங்களா சார்?"

"சொல்ல முடியாதும்மா. பொழச்சிருக்கலாம், பொழைக்காமயும் போயிருக்கலாம். நீங்க அவங்களுக்கு யாரு?"

நான் திரும்பி நடந்துவிட்டேன். இரண்டில் ஒன்றை அவர் நிச்சயமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்குமா? தெரியவில்லை.

உங்களை உங்கள் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். நாற்பதாம் நாள் எங்கள் வீட்டில் பாத்திஹா ஓதினோம். அதற்குள் ஊரில் ஒரு கதை பரவிவிட்டது. ஒரு வெளிநாட்டு அம்மா டவுன் பஸ்ஸில் தியானத்தில் உட்கார்ந்தபடியே, மலையைப் பார்த்தபடியே, உயிரை விட்டுவிட்டார் என்று. அந்த சீட் ஜன்னல் கம்பியில் யாரோ பூச்சரம்கூடச் சுற்றி வைத்திருந்தார்கள். கண்டக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார், "குடுத்து வச்சவங்கம்மா. நீங்க அன்னிக்குச் சொன்னது சரியாப் போச்சு. நல்ல வேள, நான் எழுப்பாம விட்டேன்." அவருக்கு அந்தக் கதை தேவைப்படுகிறது. அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான்.

அந்தக் கதை உங்கள் தங்கை வரைக்கும் போய்விட்டது, அக்கா. உங்கள் அறைக்காரர் நல்ல மனதோடுதான் அவருக்கு எழுதியிருக்கிறார். உங்கள் அக்கா ஆழ்ந்த தியானத்தில் இருந்தார், பஸ்ஸில் இருந்தவர்கள் அதை உணர்ந்து அவரை எழுப்ப வேண்டாம் என்று சொன்னார்கள் என்று.

முந்தாநாள் ஹெலேனாவை அதே பஸ்ஸில் அழைத்துப் போனேன். அவர் கேட்டார் என்பதற்காகத்தான். அதே கண்டக்டர். "தங்கச்சியா? மூக்கு அப்படியே இருக்குதே" என்று அவர் கண் கலங்கினார். "நீங்களே சொல்லுங்கம்மா இவங்களுக்கு, அக்கா நிம்மதியாப் போனாங்கனு. ஒரு சத்தம் கெடையாது, ஒரு முனகல் கெடையாதுனு சொல்லுங்க." சொன்னேன். வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னேன். ஹெலேனா என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை அழுதார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். அடுத்த கோடையில் உங்கள் கல்லறைக்குக் கல் நடப் போகிறார்களாம். அதில் உங்கள் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு வரி செதுக்க வேண்டுமாம். "தியானத்தில் இருக்கிறார், எழுப்பாதீர்கள்." என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே கல்லில் வெட்டுவார்களாம்.

"என் அக்காவைப் பற்றி யாரும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. இதைச் சொன்னவர் யார் என்று உனக்குத் தெரியுமா? அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்" என்றார்.

"கூட்டத்தில் யாரோ" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்தப் பதில். முதல் தடவை களைப்பில் சொன்னேன், போகட்டும். இது களைப்பில்லை. நன்றாகச் சாப்பிட்டு, காபி குடித்துவிட்டு, உங்கள் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

அன்று சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்க ஊரார் குறைகளை எழுதுகிற கை இது. முதல் சொல்லைக்கூட எழுத வரவில்லை. கல் என்றால் எத்தனை வருடம் இருக்கும்? உங்கள் ஊர்க் குளிரில், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரும் வராத இடத்தில், நான் தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன ஒரு வாக்கியம் உங்கள் தலைமாட்டில் நிற்கும்.  நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். என்னால் முடியவில்லை.

நேற்று மதியம் சொல்லிவிட்டேன். சமையலறையில் வைத்துத்தான். என் ஆபீஸ் இங்கிலீஷில் அழகாகச் சொல்ல வராது, அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் தியானம் செய்யவில்லை. அவர் தியானம் செய்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். எழுப்ப வேண்டாம் என்று சொன்னது நான். அவரோடு பேச வேண்டியிருக்குமே என்றுதான் அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

 அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்துபோய் அணைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"அப்படியானால் அவள் ஏன் கண்ணை மூடியிருந்தாள்?" என்று கேட்டார் ஹெலேனா.

"உடம்பு முடியாமல் இருந்திருக்கும்."

"வலி இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "இருந்திருக்கும்" என்றேன்.

"யாரையாவது கூப்பிட நினைத்திருப்பாளா?"

அந்தக் கேள்விக்குப் பதில், அக்கா, உங்களிடம்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்ததா? என் குரல் காதில் விழுந்ததா? நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டேதான் அங்கே உட்கார்ந்திருந்தீர்களா? எட்டு மாதமாக நான் கேட்கப் பயந்த கேள்வி இது ஒன்றுதான்.

ஹெலேனா மேசைமேல் இருந்த வெற்றுத் தாளை எடுத்து இரண்டாக மடித்தார். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ராத்திரி வாசலில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. இன்று காலை வைத்த காபியும் ஆறி, ஆடை கட்டிக் கிடக்கிறது. இரண்டு முறை படியேறிப் போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மணி பத்தாகிறது.

"தனியா இருக்கட்டும் ஜரீனா" என்கிறார் என் வீட்டுக்காரர். "மனசு ஆறட்டும். அவங்க ஊர்ல இப்படித்தான் இருப்பாங்க. நீ போயி தொந்தரவு பண்ணாத, அதான் மரியாத."

அவர் சொல்வது நியாயம்தான். யார் வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லியிருப்பேன், சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போயிருப்பேன்.

ஹெலேனா என்னை மன்னிப்பாரா என்று தெரியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் போவதில்லை. கல்லில் என்ன எழுதுவார்களோ, அது அவர் பாடு. இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு மாடிக்குப் போகிறேன். கதவைத் தட்டப் போகிறேன். வெளியே போ என்று கத்தினால் வாசலிலேயே நிற்பேன். சத்தமே வரவில்லை என்றால் இன்னும் பலமாகத் தட்டுவேன், அதற்கும் வரவில்லை என்றால் தாழ்ப்பாளை உடைக்கச் சொல்வேன். என்னைத் திட்டுவதற்காகவாவது அவர் எழுந்து வந்தால் போதும். வாக்குக் கொடுக்கிறேன் அக்கா, உயிர் இருக்கிறவரை இனி யாரையும் எழுப்பாமல் விட்டுவிட்டு இறங்கிப் போக மாட்டேன்.

எட்டடி தூரத்தில் நின்றிருந்த உங்கள் தங்கை,
ஜரீனா